வயோலா வாசித்தால் சோறு கிடைக்குமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் டிரினிட்டி இசைத் தேர்வில் ஏழாவது கிரேடு வரை வயலின் முடித்திருக்கிறாள். இப்போது வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த சுருதி வாத்தியமான வயோலாவுக்கு மாறி, வெளிநாட்டில் படித்து, தனியாக வாசிக்கும் சோலோ கலைஞராகப் போகிறாளாம். இதில் பிழைக்க முடியுமா?
– ஒரு தாய், அசோக் நகர்

பதில்: பிழைக்கலாம் அம்மா. ஆனால் சோலோவை மட்டும் நம்பி வாழ்கிற வயோலாக்காரர் உலகத்திலேயே அபூர்வம். ஜெர்மனியின் டபேயா சிமர்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அடிக்கம்பியில் வாசித்ததைக் கேட்டுத்தான் இசையமைப்பாளர் லிகெட்டிக்கு வயோலா சொனாட்டா என்ற தனிவாசிப்புப் படைப்பை எழுதும் எண்ணமே வந்தது. 1994-ல் அதை மேடையேற்றியவரும் அவரே. அப்பேர்ப்பட்டவரும் நால்வர் குழுவான குவார்டெட்டில் வாசித்தார், பெர்லினில் பேராசிரியராகப் பாடமும் நடத்தினார்.

காரணம், ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் சோலோ வாசிக்கும் கன்சர்ட்டோ வயலினுக்கு இருக்கிற அளவு வயோலாவுக்குக் கிடையாது. பேர்பெற்ற சிலவும் லேசில் வரவில்லை. இசையமைப்பாளர் வால்டன் எழுதியதை வயோலா கலைஞர் லயனல் டெர்டிஸ் ரொம்ப நவீனமாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார். 1929-ல் அதை ஹிண்டெமித் என்ற இன்னொரு கலைஞர் வாசித்தார். வயோலா கலைஞர் பிரிம்ரோஸ் கேட்டுக்கொண்டதால் இசையமைப்பாளர் பார்டோக் எழுத ஆரம்பித்தது, 1945-ல் பார்டோக் இறந்தபோது வெறும் கையெழுத்துக் குறிப்பாகக் கிடந்தது. இன்னொருவர் முடித்துக்கொடுத்து 1949-ல்தான் அரங்கேறியது. அப்புறம் ஒரு ஆர்கெஸ்ட்ரா வருஷத்துக்கு எத்தனை தடவை வயோலா சோலோயிஸ்டைக் கூப்பிடும்? கோடம்பாக்கத்து ரிக்கார்டிங்குகளிலும் இதே கதைதான். வயலின்கள் மெட்டைக் கொண்டுபோகும், வயோலாக்காரர்களான நாங்கள் நடுவில் நிரப்புவோம். சம்பளம் என்னவோ ஒழுங்காக வந்தது!

எனவே குவார்டெட் வாசிப்பையும் சொல்லிக்கொடுப்பதையும் இப்போதே பழகட்டும். அதற்கு முன்னால் ஒரு வயோலாவை இரவல் வாங்கி, அடியில் இருக்கிற ‘சி’ கம்பியை வாசிக்கச் சொல்லுங்கள். வயலின் கையோடு வில்லை வேகமாக ஓட்டினால் வெறும் காற்றுதான் வரும். கையின் கனத்தை வில்லில் இறக்கி, நிதானமாக இழுத்தால்தான் அது பேசும். அந்தச் சத்தம் பிடித்துப்போனால் மாறட்டும். வயலினில் போட்டி அதிகம் என்பதற்காக என்றால் வேண்டாம். வயோலாவுக்கு நோட்ஸ் எழுதும் முறையான ஆல்டோ கிளெஃப் தானாகப் பழகிவிடும். வாத்தியம் மட்டும் கைக்கு அடங்கியதாக, உடல் நீளம் 15 அல்லது 15.5 அங்குலத்தில் பாருங்கள். பெரியதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தோள்வலி வந்தால் வாசிப்பே நின்றுவிடும்.

கேள்வி: கர்நாடக சங்கீதத்தில் வயோலா எடுபடுமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: பாலமுரளிகிருஷ்ணாவே வாசித்திருக்கிறாரே!

கேள்வி: என் வயோலாவின் ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. ஃபெவிகால் போடலாமா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: ஐயையோ, தொடாதீர்கள் தம்பி! ஏசி அறைக்கும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் மாறி மாறிப் போனால் மரம் சுருங்கும், விரியும். அப்போது பலகை பிளக்காமல் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் விலங்குப் பசை போடுகிறார்கள். ஃபெவிகால் பிடித்தால் விடாது, அடுத்த முறை பலகைதான் பிளக்கும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, வயலின் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள். மேல்பலகையில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.