எலும்பே இல்லாத சுறா முதுகெலும்பியா?

கேள்வி: மகள் விலங்கியல் தேர்வுக்குப் படிக்கிறாள். சுறாவுக்கு எலும்பே கிடையாது என்கிறது கைடு. அடுத்த பக்கத்தில் அதையே முதுகெலும்பிகளில் சேர்த்திருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் தாராளமாக எழுதலாம். முதுகெலும்புத் தொடர் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அது எதனால் ஆனது என்பது அல்ல. சுறாவின் முதுகுத்தண்டு முழுக்கக் குருத்தெலும்பு. சுண்ணாம்புச் சத்து படிந்து அது நல்ல கெட்டியாகவே இருக்கும்.

முதுகெலும்பிகளையும் உள்ளடக்கிய பெரிய கூட்டம் முதுகுநாணிகள். முதுகுநாண் (முதுகு நெடுக ஓடும், வளையக்கூடிய தண்டு), அதற்கு மேலே குழாய் போன்ற நரம்பு வடம், தொண்டையில் செவுள் பிளவுகள், ஆசனவாயைத் தாண்டி நீளும் வால். இவை வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இருந்தால் போதும். கைடுகள் சுருக்குகிறேன் பேர்வழி என்று முதலில் வெட்டுவது இந்த 'ஏதாவது ஒரு கட்டத்தை'த்தான். அப்புறம் பிள்ளைகள் மனிதனுக்கு வால் எங்கே என்று விழிக்கிறார்கள். கருவில் இருந்தது, மறைந்துவிட்டது.

படம் கொடுத்து இனம் கேட்டால், தலைக்குப் பின்னால் பக்கவாட்டில் பாருங்கள். சுறாவுக்கு ஐந்து முதல் ஏழு பிளவுகள் திறந்தபடி தெரியும். திருக்கைக்கு அவை அடிப்புறத்தில். எலும்பு மீனுக்குப் பக்கத்துக்கு ஒரே மூடி, எலும்புத் தகடாலானது. விலாங்கு போலிருக்கும் தாடையற்ற லாம்ப்ரே மீனுக்கு வட்ட வாய், பக்கத்துக்கு ஏழு துளைகள்.

'வாலின் மேல்மடல் நீளமா, சுறா வகை என்று டிக் அடி' என்று குறுக்குவழி விற்கிறார்களே, அந்தப் பயிற்சி வியாபாரிகளிடம் காசைத் தொலைக்காதீர்கள். கேவியர் முட்டை தரும் ஸ்டர்ஜன் மீனைப் பாருங்கள். மேல்மடல் நீளம். எலும்புக்கூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு. வாயும் சுறாவைப் போல முகத்துக்கு அடியில். ஆனாலும் அது எலும்பு மீன்தான். அதன் மூதாதையருக்கு எலும்பு இருந்தது. வழிவழியாக அது குறைந்து குருத்தெலும்பு மிஞ்சிவிட்டது. செவுளை ஒரு மூடி மறைக்கிறது, மண்டையைத் தகடுகள் போர்த்தியிருக்கின்றன, உடலில் ஐந்து வரிசை எலும்புக் கவசம். குறுக்குவழியில் போன பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல! பத்து முறை நகலெடுத்த படத்தைப் போட்டுவிட்டு, செவுளைத் தேடச் சொல்கிறார்கள். படம் மங்கலாக இருந்தால், விடையோடு 'மூடி தெரிகிறது' அல்லது 'பிளவுகள் தெரிகின்றன' என்று ஒரு வரி காரணமும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்தால் மறுமதிப்பீட்டில் வாதாட அந்த வரிதான் உதவும்.