மாசமாயிருந்தபோது கால்சியம் மாத்திரையை விட்டதால்தான் பேத்தியின் பல் குழி விழுந்திருக்கிறதா?

பேத்திக்கு ஒன்றரை வயது, மேல் முன்பல் இரண்டும் முளைக்கும்போதே மஞ்சள் கோடும் குழியுமாக வந்திருக்கிறது, மருமகள் கால்சியம் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இதை வைத்துப் பேச்சு நடக்கிறது என்று தெரிகிறது. அதற்கு முன்னால் பல்லைப் பாருங்கள் அம்மா, காலக்கணக்கு அதிலேயே இருக்கிறது.

பிள்ளையை மடியில் மல்லாத்திக் கிடத்தி, மேலுதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். ஈரத்தில் மறைந்திருக்கும் வெள்ளைத் திட்டு, காய்ந்ததும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போலத் தெரியும். எனாமல், அதாவது பல்லின் மேலுள்ள கெட்டியான வெள்ளை உறை, நுனியில் தொடங்கி ஈறைப் பார்த்து வளரும். மேல் நடு முன்பல்லில் அது கர்ப்பத்தின் 14ஆவது வாரம் வாக்கில் தொடங்கும். பிறக்கும்போது பெரும்பங்கு முடிந்திருக்கும். பிறந்து ஒன்றரை மாதத்தில் முழுதும் முடியும். அதனால் கோடு நுனிப்பக்கம் இருந்தால் நாலு, ஐந்தாம் மாதத்துச் சங்கதி. ஈறை ஒட்டி இருந்தால் பிரசவ சமயத்தது. கோரைப்பல், பின் கடைவாய்ப்பல் இரண்டிலும் எனாமல் பிறந்த பிறகும் 9 முதல் 11 மாதம் வரை உருவாகிறது. அவற்றில் ஈறுப்பக்கம் மட்டும் குழி என்றால், அது பிறந்த பிறகு வந்தது.

எனாமலைச் செய்யும் செல்கள் முதலில் புரத அச்சு போட்டு, பிறகு அதில் தாது நிரப்புகின்றன. உடம்பு கெட்ட நாட்களில் வேலை தடைப்பட்டால் அந்த மட்டத்தில் கோடோ குழியோ விழும். பல் முளைக்கும் முன்பே அந்தச் செல்கள் அழிந்துவிடுவதால், விட்ட இடத்தை உடம்பால் பிறகு நிரப்ப முடியாது.

வேலையைத் தடுப்பவை: தாய்க்கு வந்த கடும் காய்ச்சல், கட்டுப்படாத சர்க்கரை, 37 வாரத்துக்கு முந்திய பிரசவம், எடை குறைந்த பிள்ளை, வைட்டமின் டி குறைவு. கால்சியத்தை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. வயிற்றுப் பிள்ளை மொத்தம் 30 கிராம் அளவு கால்சியம் எடுக்கும், பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். சாப்பாட்டில் போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து எடுக்கும். பல்லிலிருந்து இல்லை, 'பிள்ளைக்கு ஒரு பல்' என்ற பேச்சு தவறு. மருமகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எழுதுவார்கள். மாத்திரையை விட்டது சரி என்று நான் சொல்லவில்லை, பழியை அளவோடு போடுங்கள் என்கிறேன்.

வைட்டமின் டி வேறு விஷயம். டென்மார்க்கில் 24ஆவது வாரத்திலிருந்து நாளுக்கு 2,800 யூனிட் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் 15.1 சதவீதத்துக்கும், 400 யூனிட் எடுத்தவர்களின் பிள்ளைகளில் 27.5 சதவீதத்துக்கும் 6 வயதில் நிலைப்பல்லில் எனாமல் குறை இருந்ததாக 2019இல் வெளியானது. அதற்காக யாரும் தானே வாங்கி விழுங்க வேண்டாம், ரத்தத்தில் அளவு பார்த்து டாக்டர் எழுதட்டும். 'கன்னியாகுமரி வெயிலில் என்ன குறை' என்பார்கள். காலையில் அண்டி ஆபீசுக்குள் (முந்திரிப் பருப்பு ஆலை) போய் இருட்டும் நேரம் திரும்புகிற பெண்ணுக்கு எந்த வெயில்? சாளை மீன் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் முள்ளோடு வேகவைத்துச் சாப்பிடுவது நல்லது.

ஒரு ஆதங்கம். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்து, நேரம் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. 500 மில்லிகிராம் கால்சியம் காலை, மாலை சாப்பாட்டோடு. இரும்பு இரண்டு மணி நேரம் தள்ளி. கட்டஞ்சாயாவோடு (பால் சேர்க்காத டீ) கூடவே கூடாது.

இப்போது பேத்திக்கு: குழியில் உணவு தேங்கி சீக்கிரம் சொத்தையாகும். ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சி கருப்பட்டி போட்டு ஊட்டினால், துடைக்காமல் தூங்கவைக்காதீர்கள். 1,000 பிபிஎம் ஃபுளூரைடு பேஸ்ட், அரிசி மணி அளவு, நாளுக்கு இருமுறை. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் ஃபுளூரைடு வார்னிஷ் (பல்லில் தடவும் பூச்சு). ஆறு வயதில் பால்பல் எதுவும் விழாமலே, கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஒரு பல் முளைக்கும். அது பால்பல் இல்லை, நிலைப்பல். அதன் எனாமல் பிறக்கும் சமயத்திலேயே தொடங்கிவிடுவதால், அது எட்டிப் பார்த்ததும் உடனே காட்டிவிடுங்கள்.