பிராட்ஃபோர்ட் நூல் 1630-ஆ, 1856-ஆ? எம்.ஏ. மாணவியின் அப்பாவுக்குப் பதில்

கேள்வி: என் மகள் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். அடுத்த மாதம் அமெரிக்க இலக்கியத் தேர்வு. அதில் ஆரம்பக் காலக் குடியேற்ற எழுத்தாளர்கள் என்கிற முதல் யூனிட்டை நினைத்தாலே அவளுக்குப் பயம். இரண்டு கைடு வாங்கிக் கொடுத்தேன். வில்லியம் பிராட்ஃபோர்ட் நூலுக்கு ஒன்றில் 1630 என்றும் மற்றதில் 1856 என்றும் இருக்கிறது. ஜான் வின்த்ராப் மேஃப்ளவர் கப்பலில் வந்தார் என்று ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு கப்பல் என்கிறது. தெரிந்தவர் ஒருவர் ‘நிச்சயம் வரும் கேள்விகள்’ என்று 3,500 ரூபாய்க்கு நோட்ஸ் தருவதாகச் சொல்லி 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார். நான் பத்தாவது வரைதான் படித்தேன். எந்தக் கைடை நம்புவது? மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

பதில்:

ஐயா, இரண்டு வருடமும் சரிதான். எந்த வருடம் எதைக் குறிக்கிறது என்று இரண்டு கைடும் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

1620இல் மேஃப்ளவரில் வந்த 102 பயணிகளில் பிராட்ஃபோர்டும் ஒருவர். மறு வருடமே பிளிமத் குடியேற்றத்துக்கு ஆளுநர் ஆனார். 1630இல் தங்கள் கதையை எழுத உட்கார்ந்தவர், விட்டு விட்டு ஏறக்குறைய இருபது வருடம் எழுதினார். ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் பிரதி குடும்பத்துக்குள் கைமாறி, பாஸ்டனில் ஒரு தேவாலய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போர் சமயத்தில் காணாமல் போனது. 1855இல்தான் அது லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் அரண்மனை நூலகத்தில் இருப்பது தெரிய வந்தது. மறு வருடம், அதாவது 1856இல், முதன்முதலாக அச்சானது. மூலப் பிரதி ஊர் திரும்ப 1897 ஆகிவிட்டது.

ஆகவே மகளை ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போடச் சொல்லுங்கள். ஒன்று எழுதிய வருடம், இன்னொன்று அச்சான வருடம். இந்த யூனிட்டில் பாதிக் குழப்பம் அதோடு தீர்ந்துவிடும். வின்த்ராப்பின் புகழ்பெற்ற பிரசங்கம் 1630, அச்சானது 1838. எட்வர்ட் டெய்லர் என்ற போதகர் எழுதிய கவிதைகள் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்து 1939இல் அச்சேறின. அவர் இறந்தது 1729இல். அவர் கவிஞர் என்பதே இருநூறு வருடம் உலகத்துக்குத் தெரியாது.

அடுத்தது கப்பல். வின்த்ராப் மேஃப்ளவரில் வரவில்லை. அவர் வந்தது ஆர்பெல்லா கப்பலில், பத்து வருடம் கழித்து, 1630இல். பிராட்ஃபோர்டின் ஆட்கள் இங்கிலாந்துத் திருச்சபையே வேண்டாம் என்று பிரிந்து ஹாலந்துக்குப் போய், பல வருடம் அங்கே கூலி வேலை செய்து, அப்புறம் அமெரிக்கா வந்தவர்கள். கையில் காசில்லாதவர்கள். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் செத்துப்போனார்கள். வின்த்ராப்பின் கூட்டம் திருச்சபைக்குள் இருந்துகொண்டே அதைத் தூய்மைப்படுத்த நினைத்தது. அரசரின் சாசனத்தோடு, பல கப்பல்களில் வந்து பாஸ்டனை உருவாக்கியது. ‘மலையின்மேல் இருக்கிற பட்டணம்’ என்ற மத்தேயு சுவிசேஷ வரியை எடுத்து, உலகத்தின் கண் நம்மேல் இருக்கிறது என்று தன் ஆட்களை எச்சரித்தவர் வின்த்ராப். பிராட்ஃபோர்ட் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே விடைத்தாள் கட்டுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட தாள்களில் ‘வின்த்ராப் மேஃப்ளவரில் வந்து பாஸ்டனை நிறுவினார்’ என்ற ஒரே வாக்கியத்தை, ஒரே எழுத்துப் பிழையோடு பார்த்தேன். எல்லாம் ஒரே கைடிலிருந்து வந்தது. எங்களிடம் கொடுத்திருந்த விடைக் குறிப்பிலும் அதே தவறு. எழுதிக் கொடுத்தேன், இன்றுவரை பதில் வரவில்லை. சரியாக எழுதிய இரண்டு பிள்ளைகளுக்கு மதிப்பெண் வாங்கித் தர நான் அரை நாள் வாதாட வேண்டியிருந்தது. கேள்வி எடுப்பவர் கைடைப் பார்க்கிறார், கைடு போடுபவர் பழைய கேள்வித்தாளைப் பார்க்கிறார். மூலநூலை யாரும் திறப்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போனது.

‘நிச்சயம் வரும் கேள்விகள்’ விஷயத்துக்கு வருகிறேன். கேள்வித்தாள் அவருக்கு எப்படித் தெரியும்? உண்மையாகவே தெரிந்திருந்தால் அது குற்றம், உங்கள் மகளும் மாட்டிக்கொள்வாள். தெரியாவிட்டால் அது ஏமாற்று. நான் பார்த்தவரை எல்லாமே இரண்டாவது ரகம்தான். பழைய கேள்வித்தாள் ஐந்தாறைச் சேர்த்து, இணையத்தில் கிடைத்த குறிப்பை ஒட்டி, மேலே ஒரு கல்லூரிப் பெயரைப் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துவிடுவார்கள். நம்பிவிட வேண்டாம். சோதித்துப் பார்க்க வழி சொல்கிறேன். அந்த நோட்ஸில் இன்க்ரீஸ் மேதர், காட்டன் மேதர் என்ற பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். இருவரும் அப்பாவும் மகனும். சேலம் (நம் ஊர் சேலம் இல்லை, பாஸ்டன் பக்கத்து ஊர்) சூனிய விசாரணையில் ஆவி சாட்சியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி வந்து துன்புறுத்தியது என்ற சாட்சியை, நம்பித் தண்டிக்கக் கூடாது என்று எழுதியவர் அப்பா இன்க்ரீஸ். அந்த விசாரணைகளுக்கு ஆதரவாக 1693இல் நூல் போட்டவர் மகன் காட்டன். இருவரையும் ஒருவராக்கி ‘மேதர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நோட்ஸை மூடிவிடலாம். காட்டன் மேதர் தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் போதகர் சீகன்பால்குக்குக் கடிதம் எழுதியவர், அந்தக் கடிதப் போக்குவரத்து 1721இல் பாஸ்டனில் நூலாகவே வந்தது என்பதை மகளிடம் சொல்லுங்கள், பெயர் மறக்காது. அதே போல ஆன் பிராட்ஸ்ட்ரீட் கவிஞர். ஆன் ஹட்சின்சன் மதக் கருத்துக்காக 1637இல் விசாரிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர், நூல் எதுவும் எழுதவில்லை. இருவரையும் குழப்பும் நோட்ஸும் வேண்டாம்.

இரண்டு கட்டக் கணக்கில் அடங்காத ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மேரி ரோலண்ட்சன் என்ற பாதிரியார் மனைவி, ஆங்கிலேயருக்கும் பூர்வகுடி மக்களுக்கும் நடந்த போரில் லான்காஸ்டர் ஊரிலிருந்து சிறைபிடிக்கப்பட்டார். தன் நூலில் அவர் தரும் தேதி 1675 பிப்ரவரி 10. இன்றைய புத்தகங்களில் 1676 பிப்ரவரி 10 என்று இருக்கும். அச்சுப் பிழை இல்லை. அன்று இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி வருடம் பிறப்பது மார்ச் 25இல். அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை பழைய வருடத்திலேயே கணக்கு. 1752இல்தான் ஜனவரி 1க்கு மாறினார்கள். சில நூல்களில் 1675/76 என்று இரட்டையாகப் போடுவது இதனால்தான். அவர் மீண்டது 1676 மே தொடக்கத்தில். இதைக் கவனிக்காமல் ஒரு கைடு பதினைந்து மாதச் சிறைவாசம் என்று அச்சடித்திருந்தது. உண்மையில் பன்னிரண்டு வாரம்கூட இல்லை. மகள் 1676 என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் பழைய நாட்காட்டிப்படி 1675 என்று குறித்தால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரையான சம்பவங்களுக்கு வருடம் மாறாது. அந்த நூற்றாண்டில் பழைய நாட்காட்டி இன்றையதைவிடப் பத்து நாள் பின்தங்கியிருந்ததால் நாள் மட்டும் பத்து தள்ளும். மேஃப்ளவர் ஒப்பந்தம் 1620 நவம்பர் 11 என்றும் 21 என்றும் இருப்பது அந்த வகை.

இனி என்ன படிப்பது? நாலு பேர் போதும்: பிராட்ஃபோர்ட், வின்த்ராப், பிராட்ஸ்ட்ரீட், ரோலண்ட்சன். தெற்கே இருந்த வர்ஜீனியா குடியேற்றம் பற்றிக் கேட்டால் ஜான் ஸ்மித்துக்கு ஒரு வரி: பூர்வகுடித் தலைவரின் மகள் போகாஹொண்டாஸ் ஸ்மித்தின் உயிரைக் காப்பாற்றிய கதை அவருடைய 1608 நூலில் இல்லை, 1624 நூலில்தான் வருகிறது. மற்றபடி பியூரிட்டன் (திருச்சபையைத் தூய்மைப்படுத்த நினைத்தவர்கள்) என்றால் நியூ இங்கிலாந்து (பிளிமத், பாஸ்டன் இருக்கும் வடகிழக்குப் பகுதி) என்றே இப்போதைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ரோலண்ட்சனில் தொடங்கச் சொல்லுங்கள். 1682இல் அச்சான சின்ன நூல், இரண்டு நாளில் முடித்துவிடலாம். குண்டடிபட்ட ஆறு வயது மகள் அவர் மடியிலேயே ஒன்பது நாள் கிடந்து இறக்கிறாள். எதிரிகளின் தலைவர் பிலிப் தன் பையனுக்கு ஒரு சட்டை தைத்துத் தரச் சொல்லி ஒரு ஷில்லிங் கொடுக்கிறார். அதை வைத்து ரோலண்ட்சன் ஒரு துண்டு குதிரை மாமிசம் வாங்குகிறார். கரடிக் கொழுப்பில் சுட்ட, இரண்டு விரல் அளவு அடை ஒன்று கிடைக்கிறது. வாழ்க்கையில் இதைவிட ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்று எழுதுகிறார். இதைப் படித்த பிள்ளைக்குக் கட்டுரை எழுத நோட்ஸ் எதற்கு?

பிராட்ஸ்ட்ரீட்டில் இரண்டு கவிதை போதும். அவருக்குத் தெரியாமல் மைத்துனர் லண்டனுக்குக் கொண்டுபோய் 1650இல் அச்சிட்ட தொகுதியைப் பற்றி அவரே ஒரு கவிதை எழுதினார். நூலைத் தன் குழந்தையாகப் பாவித்து, முகத்தைக் கழுவிவிடுகிறார். கழுவக் கழுவக் குறைதான் தெரிகிறது என்கிறார். இன்னொன்று 1666இல் வீடு எரிந்தபோது எழுதியது. பெட்டி இருந்த இடம், பெட்டகம் இருந்த இடம் என்று சாம்பலைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

இவை எல்லாம் காப்புரிமை எப்போதோ முடிந்துபோன நூல்கள். குட்டன்பர்க், ஆர்க்கைவ் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன, மகளின் போனிலேயே படிக்கலாம். கடைசி மூன்று வருடக் கேள்வித்தாள்களைக் கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கட்டும். தர மறுத்தால் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், வாய்வார்த்தையில் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள்.

மீதி 2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள் ஐயா. முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ‘நோட்ஸ் ரெடியாகிவிட்டது’ என்று கொண்டுவந்து நீட்டுவார். வாங்கிவிட்டால் மீதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிற்பார். கையில் வாங்க வேண்டாம்.