வாசகர் கேள்வி – பதில்: கரையில் குவியும் பச்சைப் பாசி

கேள்வி: மழைக்காலம் முடிந்ததும் தொண்டிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். இலை போன்ற பச்சைப் பாசி கரையெங்கும் ஒதுங்கி நாறிக்கொண்டிருந்தது. நீரிலுள்ள உரச்சத்தை உறிஞ்சிக் கடலைச் சுத்தம் செய்வது கடற்பாசி என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் இந்தப் பெருக்கம்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் படித்ததும் சரி, பார்த்ததும் சரி. உறிஞ்சும் வேகமே இரண்டுக்கும் காரணம்.

கடற்பாசிக்கு வேர் கிடையாது. பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி பிடிமானத்துக்கு மட்டுமே. நைட்ரேட், அம்மோனியம் (இரண்டும் நைட்ரஜன் சத்தின் வடிவங்கள்), பாஸ்பேட் ஆகியவற்றை அது உடல் முழுவதாலும் நீரிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே, எடையை ஒப்பிட மேற்பரப்பு எந்த வகைக்கு அதிகமோ, அந்த வகையே முந்திக்கொள்ளும். நீங்கள் கண்டது உல்வா வகையாக இருக்கக்கூடும். அதன் தகடு இரண்டே செல் அடுக்குத் தடிமன் கொண்டது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் இருக்கும் விரல் நிழலாடும். கட்டக்கோரை போன்ற தடித்த பாசிகளோ மெல்ல உறிஞ்சி மெல்ல வளர்பவை. சத்துக் குறைந்த தெளிந்த கடலில் அவை தாக்குப்பிடிக்கும்.

வயல் உரமும் சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் மழைநீரோடு வந்து கலக்கும் இடத்தில், நைட்ரஜனுக்கு ஏங்கிக் கிடந்த உல்வா, அம்மோனியம் கிடைத்த முதல் சில நிமிடங்களில் வழக்கத்தை மீறிய வேகத்தில் அதை உள்ளிழுத்து, தேவைக்கு மிஞ்சியதைச் செல்லுக்குள் சேமித்துக்கொண்டு, நீரில் சத்து தீர்ந்த பின்னும் சில நாட்கள் வளர்ந்துகொண்டே போகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது நீரைச் சோதித்தால் நைட்ரேட் குறைவாகவே காட்டக்கூடும், ஏனெனில் அது ஏற்கெனவே பாசிக்குள் போய்விட்டது. அந்த அளவை மட்டும் காட்டிக் கழிவே கலக்கவில்லை என்று சாதிப்பவர்களை நம்ப வேண்டாம். பாசியின் திசுவில் உள்ள நைட்ரஜனையும் அளந்து பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்யும் வேலை பாசியை வெளியே எடுத்தால்தான் நிறைவேறும். விட்டுவைத்தால் அது அழுகி, ஆக்சிஜனைக் குடித்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றத்தைக் கிளப்பி, உறிஞ்சிய சத்தைக் கடலுக்கே திருப்பித் தந்துவிடும். சீனாவின் சிங்தாவ் நகரில் 2008 ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்கு முன் இப்படி மிதந்து வந்த உல்வாவை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து அள்ள வேண்டியிருந்தது. தெற்கே ஜியாங்சு கடலோரத்தில், உணவுக்காக வேறொரு பாசி வளர்த்த கயிறுகளில் ஒட்டி வளர்ந்ததே அதன் தொடக்கம் என்று பின்னர் கண்டறிந்தார்கள்.

கேள்வி: ஒதுங்கிய பாசியைத் தென்னைக்கு உரமாகப் போடலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: போடலாம். உப்புப் போக நன்றாக அலசி, காய்ந்த இலைதழையோடு சேர்த்து மட்க வைத்த பிறகே இடுங்கள். சாக்கடை கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அள்ளியது மட்டும் வேண்டாம். நைட்ரஜனை இழுக்கும் அதே உடல் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் சேர்த்தே இழுத்து வைத்திருக்கும்.