வால்வு மைக் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவர் பாடும் வடமோடிக் கூத்துப் பாடல்களை வீட்டு அறையொன்றில் ஒலிப்பதிவு செய்யவிருக்கிறோம். வால்வு மைக் என்றால் குரல் கனிந்து வரும் என்கிறார்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் எங்கள் இன்டர்ஃபேஸில், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால் அது வேலை செய்யுமா? கூத்துக் களரியிலும் அதையே வைக்கலாமா?
– வாசகர், காரைதீவு

பதில்: பெரும்பாலான வால்வு மைக்குகள் 48 வோல்ட்டில் வேலை செய்யா. பழைய வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்த அதே வால்வுதான் இந்த மைக்கினுள்ளும் இருக்கிறது. புகழ்பெற்ற ஜெர்மன் நிறுவனமான நொய்மனின் யூ 67 மைக்கிலுள்ள ஈஎஃப் 86 வால்வின் இழையைச் சூடாக்க மட்டும் 200 மில்லி அம்பியர் வேண்டும், ஆனால் 48 வோல்ட் இணைப்பு தரக்கூடியது அதிகபட்சம் 10 மில்லி அம்பியரே. அதனால்தான் இம்மைக்குகள் தனி மின்வழங்கிப் பெட்டியோடும் பல முனைகள் கொண்ட கேபிளோடும் வருகின்றன. அப்பெட்டியில் 115, 230 என்று மாற்றும் ஆளி இருந்தால், நமது மின்சாரத்துக்கேற்ப 230இல் இருக்கிறதா என்று பார்த்த பின்பே சொருக வேண்டும். பெட்டி இயங்கும்போது கேபிளைக் கழற்றவே கூடாது.

கனிவைப் பற்றி நிலவும் நம்பிக்கையில் பாதியே உண்மை. வால்வு மைக்கும் கண்டென்சர் மைக் வகையைச் சேர்ந்ததே; அதில் ஓசைக்கு அதிரும் மெல்லிய சவ்வில் பிறக்கும் மின்சைகை கேபிளில் செல்ல இயலாத அளவு நலிந்தது. அதற்கு வலுவூட்ட 1928இல் நொய்மன் தன் முதல் மைக்கை உருவாக்கியபோது வால்வைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1949இல் வந்த யூ 47இலும் வால்வுதான். 1967இல் டிரான்சிஸ்டர் கொண்ட யூ 87 வந்தது. ஆக, வால்வு இனிமைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று, தேவைக்காக வைக்கப்பட்டது. ஓசை உரக்கும்போது வால்வு அதே சுரத்தின் மேல் ஸ்தாயியைச் சிறிது கலப்பதால் குரல் நிறைந்து ஒலிப்பது உண்மையே. எனினும் மைக்கின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை சவ்வும் மின்மாற்றியுமே. மலிவான வால்வு மைக்குகள் சில, கனிவுக்கு மாறாகக் காதைக் குத்துவதை நான் கேட்டிருக்கிறேன்.

அமைதியான அறையில், ஒரே குரலை, குறிப்பாகத் தாலாட்டு, குளிர்த்திப் பாடல் போன்றவற்றை நெருங்கி நின்று பதிவதற்கு இது பொருந்தும். பதிவுக்கு அரைமணி நேரம் முன்பே இயக்கிச் சூடேற விடுங்கள். களரிக்கு இதைக் கொண்டு செல்லாதீர்கள். ஆட்டத்தின் மிதியதிர்வு மைக் தாங்கியில் ஏறினால் வால்வின் உள்ளுறுப்புகளே அதிர்ந்து கணகணக்கும். மத்தளமும் சதங்கையும் பிற்பாட்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். அங்கே மேடைகளில் வழக்கமாகக் காணும், வால்வு இல்லாத சாதாரண டைனமிக் மைக்கே போதும்.

நமது கரையோரத்து ஈரக்காற்றும் ஒரு பகைவன். சவ்வில் ஈரம் படிந்தால் படபடவென்று பொரியும் ஓசை கேட்கும், மாரி காலத்தில் இது இன்னும் மோசமாகும். பதிவு முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு இறுக்கமான பெட்டியில் மூடி வையுங்கள்.

வாங்குமுன் ஒன்றை இரவல் பெற்று, அண்ணாவியாரின் ஒரே பாடலை உங்களிடமுள்ள மைக்கிலும் பதிந்து, இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்திக் கேளுங்கள், ஏனெனில் உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று காது ஏமாந்துவிடும். வேறுபாடு தெரியவில்லையெனில் பணத்தை அறையின் எதிரொலியைக் குறைப்பதில் போடுங்கள். சுவரில் பன்பாய் தொங்கவிடுவதால் பயன் சிறிதே; தடித்த பஞ்சு மெத்தைகளை, பாடுபவரின் முதுகுப்புறத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள்.