17 ஆட்டத்தில் 3 மட்டும் ஜெயித்த என்எஃப்எல் அணி, ஆஃப்சீசனில் முதலில் யாரை எடுக்க வேண்டும்?

என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஆடும் உங்கள் அணி இந்த ஆஃப்சீசனில், அதாவது இரண்டு சீசனுக்கு நடுவில், நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஒருவருக்குப் பணத்தைக் கொட்டலாமா, இல்லை டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) பெரிய ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஒருவரை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த அணி என்று சொல்லவில்லை. அமெரிக்கா வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், அலுவலகத்தில் திங்கட்கிழமை எல்லாரும் பேசுவதைக் கேட்டு உள்ளூர் அணியைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சார்லட்டில் நானும் அப்படித்தான் பேந்தர்ஸைப் பிடித்தேன்.

இரண்டு பேரும் வேண்டாம். முதலில் ஆஃபென்ஸிவ் லைனை, அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவரைக் காக்கும் ஐந்து பேரைச் சரிசெய்யுங்கள். அதிலும் நடுவில் நிற்கும் சென்டர், அவருக்கு இருபக்கமும் நிற்கும் கார்டுகள். குவார்ட்டர்பேக் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாராவது கீழே கருத்துப் போடுவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. எதை முதலில் செய்வது என்ற வரிசையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் அணி அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து பட்ட பாட்டைப் பாருங்கள். 2023 மார்ச்சில் டிராஃப்ட்டின் முதல் இடத்துக்காக சிகாகோவுக்குக் கொடுத்தது: அந்த வருஷத்து 9வது இடம், 61வது இடம், 2024இன் முதல் சுற்று இடம், 2025இன் இரண்டாம் சுற்று இடம், இத்தனைக்கும் மேலே எங்களிடம் இருந்த ஒரே நல்ல ரிசீவர் டி.ஜே.மூர். வாங்கியது குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை. நல்ல பையன், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் ஆட்டத்திலேயே கார்டு பிரேடி கிறிஸ்டென்சனுக்குக் கையில் அடிபட்டு அந்த சீசனே போயிற்று. இன்னொரு கார்டு ஆஸ்டின் கார்பெட் பழைய முழங்கால் காயத்திலிருந்து தாமதமாக வந்து, மறுபடியும் அடிபட்டார். அப்புறம் அந்த இரண்டு இடத்திலும் யார் யாரோ நின்றார்கள். யங்கின் உயரம் 5 அடி 10 அங்குலம். ஓரத்திலிருந்து ஓடி வருபவனிடமிருந்து ஓரடி முன்னால் ஏறித் தப்பிக்கலாம். நடுவே உடைத்துக்கொண்டு வந்தால் ஏறவும் இடமில்லை, எறியும் திசையும் தெரியாது. அந்த சீசனில் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே 62 முறை அவரை அமுக்கி விழவைத்தார்கள். 2 வெற்றி, 15 தோல்வி. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை 11 ஆட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் கொடுத்த 2024 முதல் சுற்று, நாங்களே கடைசியில் முடித்ததால் டிராஃப்ட்டின் முதல் இடமாகி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. எனக்கு அதைவிட வலித்தது வேறு. எங்கள் 9வது இடத்திலிருந்து சிகாகோ ஒரு இடம் பின்னால் நகர்ந்து, 10வதாக எடுத்தது லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் டார்னெல் ரைட்டை. எங்கள் இடத்தை வைத்து அவர்கள் லைன் கட்டினார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன். என் மகன் பள்ளி அணியில் இடது கார்டு. ஊரில் கபடி ஆடிய காலத்தில் நானும் பாடிப் போகிறவன் இல்லை, பிடிக்கிறவன். ஆனாலும் அவன் ஆட ஆரம்பித்த முதல் வருஷம் நான் பந்து போகும் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023 அக்டோபரில் ஒரு வெள்ளி இரவு ஆட்டம். மூன்றாவது குவார்ட்டரில் இவன் பக்கத்தில் நின்ற டேக்கிள் பையனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இவனை அந்த இடத்துக்கு நகர்த்தினார்கள், ஒரு நாள்கூடப் பழகாத இடம். இவன் இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். மீதி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை ஐந்து முறை போட்டு அமுக்கினார்கள். பின்னாலிருந்து பெரியவர்களே அந்தப் பையனைத் திட்டினார்கள், பந்தைச் சீக்கிரம் எறியத் தெரியாதா என்று. அவன் அம்மா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து குனிந்தபடி அழுதுகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் மகன் கையை நீட்டினான். விரல்களில் சுற்றிய வெள்ளை டேப்பை நான் முதலுதவிப் பெட்டிக் கத்தரியால் வெட்டினேன். டேப்போடு முட்டியின் தோலும் வந்தது. வலிக்கிறது என்று சொல்லவில்லை. "அப்பா, அஞ்சுல மூணு நான் தடுக்க வேண்டிய ஆளு. குவார்ட்டர்பேக் மேல தப்பு இல்ல" என்றான். வீடு வரும்வரை அவன் வேறொன்றும் பேசவில்லை.

அடிபடும் ஆட்டத்தில் பிள்ளையை விட்டது சரியா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தலையில் அடிபடும் பயம் எங்களுக்கும் இருந்தது. முதல் வருஷம் அவன் அம்மா ஓர் ஆட்டத்துக்குக்கூட வரவில்லை. அது எங்கள் வீட்டில் பலநாள் பேசி எடுத்த முடிவு, இங்கே அதை விவாதிக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு விழாவில் சதுரங்கம், ஸ்பெல்லிங் போட்டி, நடனம் என்று பிள்ளைகளை மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். வட்டார அளவில் தேர்ந்தெடுத்த அணியில் இவனும் இருந்தான், பெயர் அனுப்பினேன். பட்டியல் நிறைந்துவிட்டது என்று பதில் வந்தது. அதே வாரம் இன்னும் இரண்டு பெயர் சேர்ந்தது எனக்குத் தெரியும். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தால் "எத்தனை கோல் போட்டான்" என்கிறார், அவருக்குத் தெரியாது, அதில் வருத்தமில்லை. இங்கே இருபது வருஷமாக இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அதே 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அட்லாண்டா ஃபால்கன்ஸோடு ஆட்டம், கொட்டும் மழை. கூட வேலை செய்பவர் போகப் பிடிக்காமல் இரண்டு டிக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். அரங்கில் பெரும்பாலும் காலி நாற்காலிகள். மேல் அடுக்கில் பிளாஸ்டிக் கோட்டுக்குள் நானும் மகனும். "அப்பா, பந்தைப் பாக்காதீங்க. ஸ்னாப் ஆனதும் அந்த அஞ்சு பேரை மட்டும் மூணு செகண்ட் பாருங்க" என்றான். ஸ்னாப் என்றால் சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது. அப்படியே பார்த்தேன். கால் வழுக்கும் ஈரத்தில், தன்னை நோக்கி வரும் 140 கிலோ ஆளை இடுப்பைத் தாழ்த்தி நெஞ்சில் கை கொடுத்து நிறுத்துவது, பக்கத்தில் இருப்பவனிடம் அவனை ஒப்படைத்துவிட்டு அடுத்து வருபவனைப் பிடிப்பது. கபடியில் சங்கிலி பிடிக்கும்போது கை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இதுவும் அதே கணக்கு. கடைசி ஏழரை நிமிஷத்தில் எங்கள் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து 90 யார்டு, 17 முறை பந்தைத் தொட்டு நகர்த்திக்கொண்டே போனார்கள். கடைசி நொடியில் எடி பின்யேரோ உதைத்த ஃபீல்டு கோலில் 9க்கு 7 ஜெயித்தோம். யங்குக்கு நிற்க நேரம் கிடைத்தால் என்ன செய்வார் என்று அந்த ஏழரை நிமிஷம் காட்டியது. மகன் தொண்டை கட்டும்வரை கத்தினான்.

அடுத்த ஆஃப்சீசனில்தான் புதிய மேனேஜர் டேன் மார்கன் வரிசையை மாற்றினார். மயாமியிலிருந்து ராபர்ட் ஹன்ட், 5 வருஷத்துக்கு 10 கோடி டாலர். சியாட்டிலிலிருந்து டேமியன் லூயிஸ், 4 வருஷத்துக்கு 5.3 கோடி. இருவரும் கார்டுகள். கார்டுக்குப் போய் இவ்வளவு பணமா என்று என் அலுவலகத்தில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2024இல் யங்கை அமுக்கியது 29 முறை. சீசன் தொடக்கத்தில் அவரை உட்காரவைத்தார்கள் என்பதும் உண்மை, ஐந்து ஆட்டம் கழித்துத் திரும்பி வந்து ஆடியது வேறொரு ஆள் மாதிரி இருந்தது என்பதும் உண்மை. 5 ஆட்டம்தான் ஜெயித்தோம், அதற்குக் காரணம் டிஃபென்ஸ். நடுவில் நிற்கும் டெரிக் பிரவுன் முதல் ஆட்டத்தோடு அடிபட்டுப் போக, 534 புள்ளி கொடுத்து என்எஃப்எல் வரலாற்றிலேயே மோசமான பெயர் வாங்கினோம். அங்கேயும் நடுதான் உடைந்தது.

இது தோற்கிற அணிகளுக்கு மட்டும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கேன்சஸ் சிட்டியின் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லை. அவர்களுடைய குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார், 31க்கு 9 தோல்வி. உலகத்திலேயே சிறந்த குவார்ட்டர்பேக் இருந்தும் இந்தக் கதி. அந்த ஆஃப்சீசனில் அவர்கள் கார்டு ஜோ தூனிக்கு 8 கோடி டாலர் கொடுத்து எடுத்தார்கள், ஆர்லாண்டோ பிரவுனை டிரேடில் வாங்கினார்கள், இரண்டாம் சுற்றில் சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி, ஆறாம் சுற்றில் கார்டு டிரே ஸ்மித். ஒரே கோடையில் லைனையே புதிதாகக் கட்டினார்கள். அப்புறம் இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தார்கள்.

ஹூஸ்டனின் குவார்ட்டர்பேக் சி.ஜே.ஸ்ட்ரவுட் ஓட்டை லைனோடும் முதல் வருஷம் ஜொலித்தாரே என்பீர்கள். ஆமாம், ஜொலித்தார். அடுத்த வருஷம் 52 முறை அமுக்கினார்கள், ஆட்டமும் இறங்கியது. அதே ஊரில் 2002இல் டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை முதல் வருஷமே 76 முறை விழவைத்ததையும் பாருங்கள்.

உங்கள் அணிக்கு நான் சொல்வது இதுதான். நல்ல டேக்கிளை அணிகள் பெரும்பாலும் வெளியே விட மாட்டார்கள், அவரை டிராஃப்ட்டில் எடுப்பதுதான் வழி. கார்டு மார்ச்சில் சந்தைக்கு வருவார், பணம் கொடுத்து வாங்கலாம். பயிற்சி முகாமில் எட்டாவது லைன் ஆளும் தேறியவராக இருக்க வேண்டும். ஆட்ட நாளில் லைனுக்கு எட்டுப் பேரைக் காட்டும் அணிக்குத்தான் 48 பேரைக் களமிறக்க விதி இடம் தருகிறது. எட்டாவது ஆள் விளையாடும் நாள் வரும், எங்கள் பள்ளி மைதானத்தில் வந்தது. ரிசீவரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள். வருங்கால முதல் சுற்றை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் இருந்தபடியே இருவரும் ஒரே ஆட்டத்தைப் பார்க்கிறோம், அந்த ஐந்து பேரை. மார்ச் நடுவில் உங்கள் அணி முதல் நாள் யாரை எடுத்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.