புளூ ஸ்கிரீன்: கோளாறு ரேமிலா, டிஸ்கிலா?

கேள்வி: மேலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் வேலைக்காகக் கம்ப்யூட்டரில் இருந்த 8 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். இப்போது மதிய நேரத்தில் புளூ ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆகிறது. கல்யாணப் படங்கள் சில பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் திறக்கின்றன. இரண்டு தடவை விண்டோஸ் புதிதாகப் போட்டும் சரியாகவில்லை. ஹார்ட் டிஸ்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு டிஸ்க் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் ரேம் மீதுதான். நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு படமும் ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. ரேமில் ஒரு பிட் (தகவலின் மிகச் சிறிய துண்டு) மாறினாலும் டிஸ்க் அதை அப்படியே எழுதிவைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. டிஸ்க் கெட்டால் பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். ஃபோல்டர் திறக்கவே நேரமாகும், காப்பி பாதியில் நிற்கும், சில சமயம் டிக் டிக் என்று சத்தம்கூட வரும்.

முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள். அதை இந்தக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டாம், காப்பியும் அதே ரேம் வழியாகத்தானே போகும்! டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள். கேமரா கார்டில் மூலப் படங்கள் இன்னும் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். டிஸ்கில் உள்ள பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கும் இப்போது வேண்டாம். ரேம் கெட்டிருக்கும்போது ஓட்டினால், நன்றாக இருக்கும் ஃபைல் அமைப்பையும் தவறாகத் திருத்திவிடக்கூடும்.

அடுத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ஓட்டுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்திருந்தால் முதலில் ஆஃப் செய்துவிடுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். 16 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும். ராத்திரியில் மட்டும் ஓட்டிவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். உங்களுக்குக் கோளாறு மதியத்தில்தான் வருகிறது, மே மாத வெயிலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது.

எர்ரர் வந்தால் பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமின் தங்க நிறப் பற்களை அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டு மறுபடி சோதியுங்கள். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் எர்ரர் வருகிறதா? அடுத்த ஸ்லாட்டையும் இதேபோல் பாருங்கள். அதுவும் சரி என்றால் இரண்டு ரேமும் ஒத்துப்போகவில்லை. ஜோடியாக விற்கும் கிட் ஒன்றாக வாங்குவதே நல்லது.

டிஸ்கின் நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். அது காட்டும் பட்டியலில் 05, சி5 (டிஸ்கில் கெட்ட, கெட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடங்களின் கணக்கு) என்ற வரிசைகளின் ரா மதிப்பு, அதாவது நேரடி எண்ணிக்கை, பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்ற வேண்டியதுதான். சி7 (தகவல் போய்வரும்போது நேரும் பிழைகளின் கணக்கு) மட்டும் ஏறினால் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் 'சாட்டா' கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ரேமை மாற்றியபின் இன்னொரு தடவை விண்டோஸ் போட வேண்டியிருக்கும். கெட்ட ரேம் வழியாகப் பதிந்த சிஸ்டம் ஃபைல்களை நம்ப முடியாது. செக்டிஸ்க்கை அதன்பிறகு ஓட்டலாம். ரேம், டிஸ்க் இரண்டும் தேறியும் ரீஸ்டார்ட் நிற்கவில்லையா? கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.